ஊட்டியில் முரண்டு பிடித்த கார்

நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்காகச் சென்ற ஜனவரியில் ஊட்டிக்குப் போயிருந்தோம். ஊருக்குத் திரும்பும் நாள், காலை ஆறரை மணி. புல்தரை முழுவதும் உப்பைத் தூவினாற்போல் உறைபனி. குழந்தைகளைக் கம்பளியில் சுற்றிப் பின் ஸீட்டில் உட்கார வைத்தாயிற்று. என் கணவர் சாவியைத் திருப்பினார். எங்கள் டீசல் கார் 'கிர்ர்ர்' என்று சுற்றிற்றே தவிர, கிளம்பவில்லை. மறுபடி, மறுபடி. ஊஹும்!

சென்னையில் பத்து வருஷமாக ஒரு நாளும் முரண்டு பிடிக்காத வண்டி! "பாட்டரி போச்சு, புதிதாக வாங்க வேண்டியதுதான்" என்றார் இவர். "இல்லை, டீசல் உறைந்துவிட்டது" என்றார் நாத்தனாரின் கணவர். கடைசியில் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வாசலுக்குக் கீழே இருக்கும் சரிவில் வண்டியை உருட்டிவிட்டு, கியரைப் போட்டுக் கிளப்பிவிடுவதாம்!

எனக்கு வயிற்றைக் கலக்கிற்று. முதல் காரியமாகக் குழந்தைகளை இறக்கினேன். "கிளம்பினால் சரி. கிளம்பாவிட்டால் வண்டி எப்படி நிற்கும்?" என்று கேட்டேன்.

அதற்குள் அடுத்த தெருவிலிருந்து ஒரு வயதான மெக்கானிக் வந்து சேர்ந்தார். "அம்மா கேட்பதுதான் சரி. என்ஜின் ஓடாவிட்டால் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனக்கும். இந்தச் சரிவில் அந்த விளையாட்டு வேண்டாம், சார்" என்றார்.

பிறகு இரண்டே கேள்விகள் கேட்டார். "ஸ்டார்ட்டர் வேகமாகச் சுற்றிற்றா, இழுத்து இழுத்துச் சுற்றிற்றா?" வேகமாகத்தான் சுற்றிற்று. "அப்படியானால் பாட்டரி மேல் பழி போடாதீர்கள். பின்னால் புகை வந்ததா?"

முன்னால் உட்கார்ந்திருந்தவருக்கு அது எப்படித் தெரியும்? பின்னால் நின்ற நான் சொன்னேன்: "வெள்ளையாக வந்தது, கண்ணைக் கரித்தது."

"பார்த்தீர்களா! டீசல் போகிறது, எரியவில்லை. உறைந்திருந்தால் புகையே வந்திராது" என்றார்.

காரணம் இதுதான். பெட்ரோல் வண்டியில் தீப்பொறி உண்டு. டீசல் வண்டியில் கிடையாது. காற்றை அழுத்து அழுத்தென்று அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுமே, அதே கதைதான். குளிரில் ஜில்லிட்ட இரும்பு அந்தச் சூட்டைக் குடித்துவிடும். அதனால் ஒவ்வொரு சிலிண்டரிலும் பென்சில் போல் ஒரு சின்ன ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் க்ளோ பிளக்.

மெக்கானிக் ஒரு சோதனை பல்பை வைத்துப் பார்த்தார். நான்கில் மூன்று செத்துக் கிடந்தன! சென்னை வெயிலில் அந்தக் குறை வெளியே தெரியவே இல்லை. "மஞ்சள் விளக்கு தினமும் எரிகிறதே?" என்றார் இவர். "பல வண்டிகளில் அது காத்திருக்க வேண்டிய நேரத்தைத்தான் காட்டும், சார். பிளக்கின் ஆரோக்கியத்தைக் காட்டாது" என்று பதில் வந்தது. புதிய பிளக்குகள் போட்டதும் முதல் திருப்பிலேயே வண்டி உறுமிற்று.

மலைக்குப் போகும் சகோதரிகள் கவனிக்க: சாவியைப் பாதி திருப்பி, சுருள் கம்பி போன்ற மஞ்சள் விளக்கு அணைந்த பிறகே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். விளக்கு, விசிறி எல்லாம் அணைந்திருக்கட்டும். கிளட்ச் உள்ள வண்டியானால் அதை மிதித்துக்கொள்ளட்டும். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் சுற்ற வேண்டாம், நடுவில் அரை நிமிஷமாவது ஓய்வு தேவை. மெதுவாகச் சுற்றினால் பாட்டரியையும் அதன் முனைகளில் பூத்திருக்கும் உப்பையும் பாருங்கள். புகையே வராவிட்டால் டீசல் பில்டரையும் குழாயையும் பாருங்கள். சீக்கிரம் கிளம்ப வேண்டுமென்று என்ஜினுக்குள் ஈதர் ஸ்பிரே அடிக்க விடாதீர்கள். சூடான பிளக் பட்டால் வெடித்துவிடும். மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிடவும் கூடாது. அந்தப் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும்.

டீசல் உறைவது பொய்யல்ல. லடாக் குளிருக்கென்றே மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத டீசலை 2019-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் எங்கள் வண்டியின் நோய் அதுவல்லவே!

எங்கள் பாட்டி அடுப்புப் புகையைப் பார்த்தே விறகு ஈரமா, காய்ந்ததா என்று சொல்லிவிடுவாள். பேத்திக்கும் அந்தக் கண் கொஞ்சம் இருக்கிறது போலும். புது பாட்டரிச் செலவு மிச்சம். இப்போதெல்லாம் இவர் சாவியைத் திருப்புமுன், "புகையைப் பார்த்துச் சொல்லேன்" என்று என்னைத்தான் கூப்பிடுகிறார்!