கிட் லென்ஸுக்கு அடுத்து எதை வாங்கலாம்? கேனான் கதவைத் திறந்ததும் மாறிய கணக்கு

முதல் மிரர்லெஸ் கேமரா வாங்கி ஆறு மாதம் ஆனதும் பலருக்கும் ஒரே சந்தேகம் வருகிறது. பகலில் படம் பளிச்சென்று விழுகிறது. ராத்திரி ரிசப்ஷனில் எடுத்தால் மட்டும் முகமெல்லாம் மணலைத் தூவின மாதிரி இருக்கிறதே, கேமராவையே மாத்தணுமா?

பெரும்பாலும் மாற்ற வேண்டியது கேமராவை இல்லை, லென்ஸை. ஆனால் கேனான் ஆர்50, ஆர்10 வைத்திருப்பவர்களிடம் இதைச் சொன்னால், 'சரி, எதை வாங்க?' என்ற அடுத்த கேள்விக்கு 2024 வரை நல்ல பதிலே இல்லை. இப்போது இருக்கிறது.

அப்படி என்ன மாறியது?

கேனான் தன் ஆர்எஃப் மவுன்ட்டை 2018-ல் கொண்டுவந்தது. அதில் முதல் கிராப் சென்சார் கேமராக்களான ஆர்7, ஆர்10 வந்தது 2022-ல். பாடி வந்துவிட்டது, லென்ஸ்தான் வரவில்லை. கேனான் கொடுத்த 18-45, 18-150 இரண்டுமே ஜூம் செய்யச் செய்ய வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும் ரகம். வெளி நிறுவனங்கள் ஆட்டோஃபோகஸ் லென்ஸ் செய்வதையும் கேனான் விடவில்லை. சீன நிறுவனமான வில்ட்ராக்ஸ் தன் ஆர்எஃப் லென்ஸ் விற்பனையை 2022-ல் நிறுத்தியது.

2024 ஏப்ரலில் நிலைமை மாறியது. சிக்மா, டாம்ரான் இரண்டும் கேனானின் உரிமத்தோடு ஆர்எஃப் லென்ஸ்களை அறிவித்தன. சிக்மா மட்டும் ஆறு. அதில் முதலில் கடைக்கு வந்தது 18-50 எம்எம் எஃப் 2.8. இது 2021-லேயே சோனிக்கு வந்து பேர் வாங்கிய லென்ஸ். கவனிக்க வேண்டிய விஷயம், அன்று அறிவித்த எல்லாமே கிராப் சென்சாருக்கானவை. ஃபுல் ஃபிரேம் லென்ஸ்கள்தான் கேனானுக்குக் காசு பார்க்கும் இடம், அந்தக் கதவை மூடியே வைத்துக்கொண்டு சின்னக் கதவை மட்டும் திறந்திருக்கிறார்கள் என்பது என் கணிப்பு. சோனி தன் இ மவுன்ட்டின் அடிப்படை விவரங்களை 2011-லேயே மற்ற நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. அங்கே லென்ஸ் குவிந்து கிடப்பதற்கு அது முக்கியக் காரணம்.

எஃப் 2.8-க்கு ஏன் இவ்வளவு பில்டப்?

18-45 கிட் லென்ஸை 45-க்கு ஜூம் செய்தால் அதிகபட்சத் திறப்பு எஃப் 6.3. அதே இடத்தில் எஃப் 2.8 லென்ஸ் சென்சாருக்குள் விடும் வெளிச்சம் ஏறத்தாழ ஐந்து மடங்கு. அதாவது மண்டப வெளிச்சத்தில் கிட் லென்ஸுக்கு ஐஎஸ்ஓ 8000 தேவைப்பட்டால், இதற்கு 1600 போதும். அந்த மணல் தூவல் குறைவது இதனால்தான். பின்னணியும் கூடுதலாக மங்கும்.

இன்னொரு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். கிராப் சென்சாரில் தெரியும் பரப்பு குறைவு. கேனானில் 1.6-ஆலும், சோனி, நிக்கான், ஃபியூஜியில் 1.5-ஆலும் பெருக்கிப் பாருங்கள். 18-50 என்பது கேனானில் ஏறக்குறைய 29-80 போல வேலை செய்யும். வீட்டு ஹால், தெரு, முகம், சாப்பாட்டுத் தட்டு எல்லாம் இதற்குள் அடங்கிவிடும். 'நாளைக்கு ஃபுல் ஃபிரேம் போயிடுவேன், இப்பவே 24-105 வாங்கிடறேன்' என்று சிலர் கிளம்புவார்கள். 24 என்பது இங்கே 38 ஆகிவிடும். பத்துக்குப் பத்து அறையில் குடும்பத்தோடு குரூப் ஃபோட்டோ எடுக்க, சுவரை இடித்துக்கொண்டுதான் நிற்கணும். வராத கேமராவுக்காக இருக்கிற கேமராவைப் பட்டினி போடாதீர்கள்.

சிக்மாவில் ஒரு குறை உண்டு. 300 கிராம் அளவுக்குள் அடக்கியதால், கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசேஷன் லென்ஸில் இல்லை. ஆர்7, சோனி ஏ6700 போன்ற பாடிக்குள்ளேயே அந்த வசதி இருப்பவர்களுக்குக் கவலையில்லை. ஆர்50, ஆர்10, சோனி ஏ6400 வைத்திருப்பவர்கள் நடந்துகொண்டே வீடியோ எடுத்தால் படம் ஆடும். வீடியோதான் முக்கியம் என்றால், சோனி, ஃபியூஜிக்காரர்கள் டாம்ரான் 17-70 எஃப் 2.8 பார்க்கலாம். ஸ்டெபிலைசேஷன் உண்டு, ரீச்சும் கூடுதல். ஆனால் எடை 525 கிராம், விலையும் ஏறும்.

நிக்கான் இஸட்50, இஸட்30 வைத்திருப்பவர்கள் ரொம்ப நாள் காத்திருந்தார்கள். சிக்மா 2023-ல் அவர்களுக்குத் தந்தது ஜூம் ஆகாத 16, 30, 56 மூன்றும்தான். 2025 அக்டோபரில் நிக்கானே ஸ்டெபிலைசேஷனோடு 16-50 எஃப் 2.8 அறிவித்தது.

18-150 மாதிரி எல்லாம் ஒரே லென்ஸில் வருமே, அது வேண்டாமா?

ஊர் சுற்றுபவர்களுக்கு அதுதான் சரி. கோபுர உச்சிச் சிற்பத்தையும் கொக்கையும் 50 எம்எம்மில் பிடிக்க முடியாது. பகலில் வெளியே எடுப்பவருக்கு எஃப் 6.3 பெரிய தடையும் இல்லை. எது உங்களுக்கு என்று தெரிய, பழைய படங்களையே கேளுங்கள். ஒவ்வொரு படத்தின் தகவலிலும் எத்தனை எம்எம்மில் எடுத்தது, ஐஎஸ்ஓ எவ்வளவு என்று இருக்கும். கடைசி இருநூறு படங்களைப் பாருங்கள். பாதிக்கு மேல் ஜூமின் கடைசி எண்ணிலேயே நின்றால் உங்களுக்குத் தேவை ரீச். ஐஎஸ்ஓ 3200-க்கு மேலேயே கிடந்தால் தேவை எஃப் 2.8. யூடியூப் ரிவ்யூவில் இந்தப் பதில் கிடைக்காது, ஏன்னா அவர் எடுக்கிற படம் வேற.

பட்ஜெட் இடிக்கிறதா? டிஎஸ்எல்ஆர் காலத்து கேனான் 17-55 எஃப் 2.8, சிக்மா 17-50 எஃப் 2.8 இரண்டும் செகண்ட்ஸில் தேடத் தகுந்தவை. இரண்டிலும் ஸ்டெபிலைசேஷன் உண்டு. பழைய கேனான் பாடியில் நேராகப் பொருந்தும். ஆர் வரிசைக்கு கேனானின் அடாப்டர் வேண்டும், அதன் விலையையும் கணக்கில் சேருங்கள். வெளி நிறுவன லென்ஸ் என்றால் உங்கள் பாடியையே கையோடு கொண்டுபோய் மாட்டி, ஃபோகஸ் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

கடற்கரை ஊர்களில் செகண்ட்ஸ் லென்ஸுக்கு முதல் எதிரி பூஞ்சை. ஒரு பக்கத்திலிருந்து மொபைல் டார்ச்சை அடித்து, மறுபக்கம் வழியாகச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் தெரிந்தால், விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.