மண்ணின் சாட்சியம்

1934-ம் வருஷம் ஜனவரி 15-ந் தேதி பிற்பகலில் பீஹாரையும் நேபாளத்தையும் உலுக்கிய பூகம்பத்தில் 10,000-க்கு மேற்பட்ட ஜனங்கள் மாண்டனர். சீதாமடி, மதுபனி வழியாகப் பூர்ணியா வரையில், ஏறக்குறைய 300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பூமி குழைந்துபோயிற்று. வயல்களில் மணலும் நீரும் பீறிட்டன, கிணறுகள் தூர்ந்தன, வீடுகள் சாய்ந்தும் புதைந்தும் போயின. தீண்டாமைப் பாவத்திற்குக் கிடைத்த தண்டனை இது என்று காந்திஜி கூறியதும், தாகூர் அதை மறுத்ததும் நாடறிந்த விவாதம். பூமி குழைந்ததற்குரிய பௌதிகக் காரணம் இன்று ஐயமறத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் வாளாவிருப்போமாயின், அந்தப் பாவம் நம்மையே சாரும்.

காரணம் இதுதான். நீர் நிறைந்த தளர்ந்த மணல் குலுங்கும்போது, மணிகள் நெருங்கப் பார்க்கின்றன. இடையிலுள்ள நீர் வெளியேற அவகாசமில்லாமல் அதன் அழுத்தம் ஏறுகிறது. மணிகள் ஒன்றையொன்று தாங்குவது நின்றதும், திடமாயிருந்த நிலம் குழம்பாகிவிடுகிறது. 1964-ம் வருஷம் ஜப்பானில் நீகாட்டா நகரத்தில் அடுக்குமாடி வீடுகள் பெரிதும் உடையாமலே மல்லாந்து சாய்ந்தது இதனால்தான். அதே நகரில், முன்னரே அதிர்வு முறையால் மணலை இறுக்கியிருந்த இடத்தில் நின்ற எண்ணெய்த் தொட்டிகள் பெருஞ்சேதமின்றித் தப்பின. ஆகவே இது விதியன்று, தடுக்கக்கூடிய விபத்தே.

1971-ல் ஸீட், இட்ரிஸ் என்னும் இரு நிபுணர்கள் எளிய கணக்கு முறையொன்றை வெளியிட்டனர். பூகம்பம் மண்ணின்மீது சுமத்தும் விசை ஒருபுறம். மண்ணின் எதிர்ப்புச் சக்தி மறுபுறம். பின்னது குறைந்தால் நிலம் குழையும். இன்றோ கம்ப்யூட்டர் மூலம் நிலத்தைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து, பூகம்பப் பதிவு ஒன்றை அடியிலிருந்து செலுத்தி, ஒவ்வொரு குலுக்கலிலும் நீரழுத்தம் எவ்வளவு ஏறும், அணையோ கட்டடமோ எவ்வளவு அமிழும் என்று கணிக்கிறார்கள். இம்முன்னேற்றத்தை நாம் மனமாரப் போற்றுகிறோம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை அவசியம். எவ்வளவு மேதாவியான நீதிபதியும் சாட்சியத்தைக் கொண்டுதான் தீர்ப்பளிக்க முடியும். இங்கே சாட்சி மண். துளையிட்டு, 63.5 கிலோ எடையுள்ள சம்மட்டியை 75 செண்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 செண்டிமீட்டர் இறங்க எத்தனை அடி விழுந்தது என்று எண்ணுவதே அந்தச் சாட்சியை விசாரிக்கும் வழக்கமான முறை. எண்ணுகிறவர் அசட்டையாயிருந்தாலும், பத்துத் துளை வேண்டிய இடத்தில் இரண்டே போட்டாலும், கணக்கு பொய்த்துப்போகும். வர்ணப் படங்களுடன் அச்சாகி வரும் பொய், வாய்ப்பொய்யைவிட அபாயகரமானது. ஏனெனில் அதை எவரும் குறுக்கு விசாரணை செய்வதில்லை.

2016-ல் திருத்தப்பட்ட இந்தியத் தரவிதியிலேயே இப்பரீட்சைக்குரிய முறை சேர்க்கப்பட்டது. விதி ஏட்டில் இருந்தால் போதாது. பாலம், அணை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் ஆகியவற்றுக்காகப் போடும் துளைகளின் விவரங்களைச் சர்க்கார் பகிரங்கமாக வெளியிட வேண்டும். ஒரே பூகம்பப் பதிவை நம்பாமல் பலவற்றைக் கொண்டு கணிக்க வேண்டும். முடிவில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கட்டுகிறவரிடம் சம்பளம் பெறாத வேறொரு நிபுணர் அதைச் சரிபார்க்க வேண்டும். இதற்குச் செலவாகும் என்பார்கள். நியூஸீலந்தில் கிறைஸ்ட்சர்ச் நகரில் 2010, 2011-ம் வருஷப் பூகம்பங்களுக்குப்பின், பெரும்பாலும் நிலம் குழைந்ததன் காரணமாக, ஆயிரக்கணக்கான வீடுகளை அடியோடு கைவிட நேர்ந்தது. அந்தச் செலவோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

கங்கைச் சமவெளியின் மணல் 1934-ல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதன்மேல் இன்று எழும் மாடிகளோ அன்று இருந்ததைவிடப் பன்மடங்கு. மண் பேச வாய் திறக்குமுன் நாமே அதைக் கேட்டுவிடுவதுதான் விவேகம்.