சடையங்குப்பத்து ஓட்டுக்கு டில்லியில் என்ன எடை?

"ஜனாதிபதியை நாமா தேர்ந்தெடுக்கிறோம்? நம்மிடம் யாரும் ஓட்டுக் கேட்டு வருவதில்லையே!"

சடையங்குப்பத்தில் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வார்கள். சொல்வதில் தவறு இல்லை. ஜனாதிபதி தேர்தலுக்கு ஊரில் மேடை கிடையாது. கொடி கிடையாது. விரலில் மையும் கிடையாது.

ஆனாலும் அந்தத் தேர்தலில் சடையங்குப்பத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கு இப்போது குறையும் ஆபத்தில் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தலைக் கணக்கு

ஜனாதிபதியை எம்.பி.க்களும் எல்லா மாநிலத்து எம்.எல்.ஏ.க்களும் சேர்ந்து தேர்ந்தெடுக்கிறார்கள். எம்.எல்.ஏ. போடுவது ஒரே சீட்டுதான். ஆனால் அது ஒரு ஓட்டு அல்ல. தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வின் சீட்டுக்கு 176 ஓட்டு மதிப்பு!

இது எப்படி வந்தது? மாநிலத்தின் மக்கள் தொகையை எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். வந்ததை மறுபடி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். 1971-ல் தமிழ்நாட்டின் மக்கள் தொகை சுமார் 4 கோடியே 12 லட்சம். எம்.எல்.ஏ.க்கள் 234 பேர். கணக்குப் போட்டுப் பாருங்கள், 176 வரும்.

அதாவது, 1971-ல் சடையங்குப்பத்தில் தொட்டிலில் கிடந்த பிள்ளையும் இந்தக் கணக்கில் சேர்த்தி.

1969-ல் நடந்தது

"இவ்வளவு சிறிய பங்கால் என்ன ஆகிவிடும்?" என்று கேட்கலாம். 1969-ல் என்ன ஆனது தெரியுமா?

அந்த ஆண்டு மே மாதம் ஜனாதிபதி ஜாகிர் உசேன் காலமானார். காமராஜர் முதலிய காங்கிரஸ் மூத்த தலைவர்கள் நீலம் சஞ்சீவ ரெட்டியை நிறுத்தினார்கள். துணை ஜனாதிபதியாக இருந்த வி.வி.கிரி, பதவியை உதறிவிட்டுச் சுயேச்சையாக நின்றார். கிரி, ரெயில்வே தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டியவர். தொழிலாளர் மந்திரியாக இருந்தவர். "மனச்சாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள்" என்று பிரதமர் இந்திரா காந்தி சொல்லிவிட்டார். காங்கிரஸ் இரண்டாகப் பிளந்து நின்றது.

தமிழ்நாட்டில் அப்போது தி.மு.க. ஆட்சி. சட்டசபையில் பாதிக்கு மேல் அந்தக் கட்சி எம்.எல்.ஏ.க்கள். முதல்-அமைச்சர் கருணாநிதி, கிரியை ஆதரித்தார்.

முதல் சுற்றில் யாருக்கும் போதிய ஓட்டு கிடைக்கவில்லை. மற்றவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் இருந்த இரண்டாவது விருப்பத்தையும் எண்ணினார்கள். கடைசியில் கிரிக்கு 4,20,077. ரெட்டிக்கு 4,05,427. வித்தியாசம் வெறும் 14,650!

அன்று தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் சீட்டுக்கு 144 ஓட்டு மதிப்பு. கிரிக்குப் போட்ட நம் எம்.எல்.ஏ.க்களில் 51 பேர் மட்டும் ரெட்டிக்கு மாற்றிப் போட்டிருந்தால், ரெட்டி 38 ஓட்டில் ஜெயித்திருப்பார். கோட்டையில் 51 சீட்டு திரும்பியிருந்தால் டில்லியில் ஜனாதிபதியே மாறியிருப்பார்!

நம் பங்கு சிறிய பங்கு அல்ல.

கட்டுப்பாட்டுக்குப் பரிசா, தண்டனையா?

இப்போது ஆபத்துக்கு வருவோம். நாடெங்கும் குடும்பக் கட்டுப்பாடு பிரசாரம் நடந்த காலம் அது. சுவருக்குச் சுவர் சிவப்பு முக்கோணம். அப்போது ஒரு நியாயமான கேள்வி எழுந்தது. மக்கள் தொகையைக் கட்டுப்படுத்தும் மாநிலத்துக்குச் செல்வாக்குக் குறையலாமா? கூடாது என்று 1976-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, 1971-ம் ஆண்டுக் கணக்கையே நிறுத்தி வைத்தார்கள். 2001-ல் மறுபடி திருத்தி, 2026-க்குப் பிறகு வரும் முதல் குடிக்கணக்கு வரை நீட்டினார்கள்.

அந்தக் குடிக்கணக்கு 1-3-2027 தேதியை வைத்து எடுக்கப்படும் என்று மத்திய அரசாங்கம் 2025-ல் அறிவித்தது.

புதுக் கணக்கு வந்தால் என்ன ஆகும்? 2022 தேர்தலில் உத்தரப்பிரதேச எம்.எல்.ஏ.க்களுக்கு மொத்தம் 83,824 ஓட்டு. நமக்கு 41,184. அவர்களுக்கு 100 என்றால் நமக்கு 49. 2011-ம் ஆண்டு மக்கள் தொகையை வைத்துப் பார்த்தாலே இந்த 49 என்பது 36 ஆகிவிடும். அடுத்த கணக்கில் இன்னும் இறங்கலாம்.

"ஒரு தலைக்கு ஒரு எடைதானே நியாயம்?" என்று வடக்கே இருப்பவர் கேட்பார். கேட்கட்டும். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அளவோடு பெற்றுக்கொள்ளச் சொன்னது யார்? நாட்டின் அரசாங்கம்தான். சொன்னதைக் கேட்ட தாய் ஒன்றோடும் இரண்டோடும் நிறுத்திக்கொண்டாள். பெற்றதைப் படிக்க வைத்தாள். "உன் வீட்டில் தலை குறைவு, அதனால் உனக்கு எடையும் குறைவு" என்று இன்று அவளிடம் சொல்லலாமா? சொன்ன சொல் கேட்ட பிள்ளைக்குச் சோற்றைக் குறைக்கிற வீடு உருப்படுமா?

ஆகவே ஜனாதிபதி தேர்தலுக்கு 1971-ம் ஆண்டுக் கணக்கே நீடிக்க வேண்டும். இதற்கு எம்.பி.க்கள் சட்டத்தைத் திருத்த வேண்டும்.

வெள்ளம் வந்தால் சடையங்குப்பத்து மக்கள் எம்.எல்.ஏ.வையும் எம்.பி.யையும் நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள். சாலைக்கும் கேட்கிறார்கள். குடிதண்ணீருக்கும் கேட்கிறார்கள். அடுத்த முறை இதையும் சேர்த்துக் கேளுங்கள்:

"ஐயா, எங்கள் ஓட்டின் எடையைக் காப்பாற்ற நீங்கள் என்ன செய்தீர்கள்?"