மைக்ரோகிராம் வியாபாரம்

குடல் செல்லுக்குள் கொழுப்பு அமிலத்தைச் சுமக்கிற குட்டிப் புரதம் ஐ-எஃப்ஏபிபி. செல் சிதைந்தால் ரத்தத்தில் கசியும். குறைமாதக் குழந்தைகளின் குடல் அழுகலைச் சீக்கிரமே கண்டுபிடிக்க முடியுமா என்று இதை அளந்து பார்க்கிறார்கள். அளக்கிற கிட்டுக்கு அளவுகோலாக, ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்த அதே மனிதப் புரதம் தேவை. அதன் 132 அமினோ அமில வரிசை இணையத்தில் இலவசம். விற்பனையோ மைக்ரோகிராம் கணக்கில்! தங்கமே கிராமில்தான் சாமி.

சுத்திகரிப்புக்குச் செலவுண்டு, ஒத்துக்கொள்ளலாம். அதற்காக ஆளுக்கொரு கம்பெனி, ஆளுக்கொரு அளவுகோலா? ஒரு கிட் காட்டும் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட முடியாமல் திணறுகிறார்கள். இன்சுலினுக்கு 1925லேயே சர்வதேச அளவுகோல் வந்தாச்சு. இதற்கும் ஒன்றை அரசு ஆய்வகங்களே செய்து பொதுவில் கொடுக்கலாமே? இப்போதும் இந்தக் குப்பிகளுக்கு வரிப்பணமும்தான் போகிறது.