பூகோளப் படத்தில் இல்லாத பெயர்

செவ்வாய்க்கிழமை காலையில் பத்திரிகையைப் பிரித்ததும் அதன் மடிப்புக்குள்ளிருந்து வழுவழுப்பான வர்ணத் தாள் ஒன்று நழுவி விழுந்தது. ஒரு கிரிக்கெட் அணியின் அபிமானிகளுக்கு விசேஷ அட்டை வழங்கப் போகிறார்களாம். பணம் கட்டியவர்களுக்குப் பெயர் பொறித்த பனியனும், ஆட்டக்காரர்களின் கையொப்பம் அச்சிட்ட படமும், டிக்கெட் விலையில் சலுகையும் உண்டாம். எல்லாவற்றுக்கும் கீழே, கண்ணுக்கு எட்டாத பொடி எழுத்தில், வருஷ முடிவில் புதுப்பித்துக்கொள்ளாவிட்டால் அட்டை காலாவதியாகிவிடும் என்ற ஷரத்து ஒன்று. மனிதன் ஒன்றின்மீது வைக்கும் அன்புக்கே முடிவுத் தேதி குறித்து விற்பனை செய்கிற துணிச்சலை நினைக்க நினைக்க எனக்குக் கோபம் பொங்கியது. இதை எழுதும் வியாழக்கிழமை வரையில் அது தணியவில்லை.

இந்த வாரம் அதைப் பற்றியே எழுதுவது என்று தீர்மானித்தேன். ஆட்டக்காரர்களை ஏலம் போட்டு இடம் மாற்றுவதும், முதலாளி மாறினால் அணியின் பெயரையும் சட்டையின் நிறத்தையும் மாற்றுவதும், மாறியதை மாறியபடியே கொண்டாடும்படி ஜனங்களைப் பழக்குவதும் ஒரே வியாதியின் வெவ்வேறு குணங்கள். பெயர் மாற்றத்தில் எனக்குள்ள ஆக்ஷேபம் இப்பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குப் புதிதன்று. தெருப் பெயர்களைப் பற்றி எழுதியபோது வந்த கடிதங்கள் இன்னும் என் மேஜை இழுப்பறையில் இருக்கின்றன. பெயர் என்பது அதைச் சூட்டியவருக்கோ, பலகையில் எழுதக் கூலி கொடுத்தவருக்கோ சொந்தமன்று. துக்கத்திலும் சந்தோஷத்திலும் அதை வாய்விட்டுச் சொல்லிப் பழகியவர்களுக்கே சொந்தம் என்பது என் திடமான அபிப்பிராயம். அதற்கு அத்தாட்சி தேடியபோது கல்கத்தா நினைவுக்கு வந்தது. கல்கத்தா வந்த பிறகு அட்டையைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

மோகன் பகான் என்னும் கால்பந்துக் கழகம் 1889-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் தேதி அந்நகரின் வட பகுதியில் தோன்றியது. 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்ட் என்னும் பட்டாளத்து அணியை அது 2-1 என்ற கணக்கில் தோற்கடித்தபோது, அதன் ஆட்டக்காரர்களில் ஒருவரைத் தவிர மற்ற பதின்மரும் வெறுங்காலுடன் ஆடினார்கள். நெருக்கத்தில் மைதானத்தைக் காண இயலாத ஜனங்களுக்குக் கணக்கைத் தெரிவிக்கப் பட்டங்கள் பறக்கவிடப்பட்டன. வெள்ளைக்காரனைச் சரிசமமான விதிகளின்படி நின்று வெல்ல முடியும் என்று தேசத்துக்குக் காட்டிய அந்தப் பெயருக்கு முன்னால், 2020-இல், வியாபார நிறுவனம் ஒன்று தன் வசமிருந்த அணியோடு அதை இணைத்து ஏ.டி.கே. என்ற மூன்றெழுத்தை ஒட்டவைத்தது. மூன்றெழுத்துத்தானே என்று அபிமானிகள் சும்மா இருந்துவிடவில்லை. அணி வெற்றி பெற்றுக்கொண்டிருந்தபோதும் அவர்கள் தெருவில் நின்று, பதாகை பிடித்து, அந்த எழுத்துகளை நீக்கு என்று ஆண்டுக்கணக்கில் கோஷமிட்டார்கள். 2023-இல் அணி லீக் பட்டம் வென்ற இரவிலேயே எழுத்துகள் நீக்கப்படும் என்று உரிமையாளர் அறிவிக்க நேர்ந்தது. இப்போது பின்னால் ஒட்டியிருக்கும் ‘சூப்பர் ஜயண்ட்’ என்ற வாலும் எனக்கு உவப்பானதன்று. ஆனாலும் பரம்பரையாக ஒரு பெயரைச் சொல்லி வந்தவர்கள், பணம் போட்டவர்களை அதற்காகப் பணிய வைத்தார்கள் என்பது சாமானியமான விஷயமில்லை.

ஆனால் கல்கத்தாவில் நான் குடியிருந்தது மோகன் பகான் வீட்டில் அன்று. லேக் மார்க்கெட்டில் எனக்கு மாடியை வாடகைக்கு விட்ட குடும்பத்தைப் பற்றி முன்பே இங்கே எழுதியிருக்கிறேன். துர்க்கா பூஜைப் பத்தியில் வந்த மாஷிமாவை, வீட்டுக்காரரின் தாயாரை, வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வீட்டின் மற்றொரு தெய்வத்தைப் பற்றி அப்போது எழுதாமல் விட்டேன். கீழ்க்கூடத்தில், காளியின் படத்துக்குப் பக்கத்துச் சுவரில், சிவப்பும் பொன்மஞ்சளுமாக ஒரு கொடி. அதில் தீவட்டி ஒன்றின் உருவம். ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் கொடி அது. காளிக்குச் செம்பருத்தி சாத்தும்போது மாஷிமா அந்தக் கொடியின் மூங்கில் கழியிலும் ஒரு பூவைச் செருகுவார். அது வேடிக்கைக்குச் செய்கிற காரியம் அன்று என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

அந்தக் கழகம் ஒரு மனஸ்தாபத்தில் பிறந்தது. 1920 ஜூலை மாதக் கடைசியில் மோகன் பகானோடு ஆடவிருந்த ஜோராபகான் கழகம், கீழை வங்கத்தைச் சேர்ந்த சைலேஷ் போஸ் என்பவரை அணியில் சேர்க்காமல் விட்டது. அக்கழகத்தின் உபதலைவராக இருந்த சுரேஷ் சந்திர சௌதுரி, தாமும் கீழை வங்கத்தவராகையால், அந்த அவமதிப்பைப் பொறுக்காமல் வெளியேறி, சில தினங்களுக்குள்ளேயே, ஆகஸ்ட் 1-ஆம் தேதி, தம் ஜன்மபூமியின் பெயராலேயே ஒரு கழகத்தை நிறுவினார். கல்கத்தாவின் பூர்வீகக் குடிகளை கோட்டிகள் என்றும், பத்மா நதிக்கு அப்பாலிருந்து வந்தவர்களை பாங்கால்கள் என்றும் அங்கே சொல்வார்கள். பாங்கால் என்ற சொல்லில் அந்நாளில் ஏளனம் கலந்திருந்தது. அந்த ஏளனத்துக்கு மைதானத்தில் பதில் சொல்ல ஏற்பட்ட ஸ்தாபனம், அதன் அபிமானிகளுக்கு வேறொன்றாக மாறப் போகிறது என்பதைச் சுரேஷ் சந்திரர் எதிர்பார்த்திருக்க முடியாது.

1947-இல் தேசம் துண்டாயிற்று. மாஷிமாவுக்கு அப்போது விவரம் அறிந்த சிறு பிராயம். பரிசாலிலிருந்து குல்னா வரையில் நீராவிப் படகில், அங்கிருந்து ரயிலில், பித்தளைப் பாத்திரங்களைக் கோணியில் கட்டிக்கொண்டு சியால்டா ஸ்டேஷனில் வந்து இறங்கிய குடும்பம் அவருடையது. ஸ்டேஷன் பிளாட்பாரத்திலேயே சில காலம். பிறகு நகரின் தென்கோடியில், அகதிகள் தாமே எழுப்பிக்கொண்ட பிஜய்கட் காலனியில் ஓலைக் குடிசை. தந்தைக்கு உத்தியோகம் கிடைக்குமுன் கழகத்து ஆட்டத்துக்குப் போக வழி கிடைத்துவிட்டதாம்; கையில் காசில்லாத நாளிலும் மைதானத்துக்கு நடந்தே போய், மேட்டில் நின்று பார்த்துவிட்டு, இரவில் திரும்பி, ஒவ்வொரு கோலையும் குடிசை வாசலில் உட்கார்ந்து விவரிப்பாராம். பின்னாளில் பாகிஸ்தான் சர்க்கார் கிழக்கு வங்காளத்துக்குக் கிழக்குப் பாகிஸ்தான் என்று பெயர் சூட்டியது. 1971-இல் அது பங்களாதேஷ் ஆயிற்று. ஈஸ்ட் பெங்கால் என்ற பெயர் பூகோளப் படத்திலிருந்து போய்விட்டது. வீடும், தோட்டமும், ஆற்றங்கரையும், ஊரின் பெயருங்கூடக் கை நழுவிப்போன லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு, பல்லாயிரம் பேர் ஒரே குரலில் உச்சரித்த அந்தக் கழகத்தின் பெயர் ஒன்றே பறிபோகாத பூர்வீக சொத்தாக நின்றது. அதைத் தகப்பன் பிள்ளைக்குக் கொடுக்காமல் வேறெதைக் கொடுப்பான்?

நான் தென்னாட்டான் என்று அறிந்த தினத்தில் மாஷிமா என்னை உட்கார வைத்து, “எங்களுக்குப் பஞ்ச பாண்டவர்களைக் கொடுத்த தேசத்துப் பிள்ளை” என்று சொல்லி ஐந்து பெயர்களை ஒப்பித்தார்: அப்பாராவ், வெங்கடேஷ், தன்ராஜ், அகமத் கான், சாலே. 1949 முதல் 1953 வரையில் ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையில் சேர்ந்து ஆடிய ஐவருமே தென்னாட்டிலிருந்து சென்றவர்கள். அவர்கள் காலத்தில்தான் கழகம் 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றது. குடிசையில் விளக்கெண்ணெய்க்கு வழியில்லாத வருஷங்களில் அந்த வெற்றிகள் எங்கள் வயிற்றை நிரப்பின என்று மாஷிமா சொன்னபோது, வங்காளியாகப் பிறக்காத ஐந்து பேரை அந்த அகதிகள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளாக வரித்துக்கொண்ட அதிசயத்தை நான் உணர்ந்தேன். மோகன் பகானின் பெருமைக்குரிய தற்காப்பு வீரர், சீனப் பெருஞ்சுவர் என்று புகழப்பட்ட கோஷ்ட பால் பிறந்ததோ கீழை வங்கத்து ஃபரீத்பூர் ஜில்லாவில்! கொடியைப் பரம்பரையாகக் காப்பாற்றுபவை குடும்பங்கள். அதன்கீழ் ஆட வருகிறவன் எந்த ஊரான் என்று அவை கேட்டதில்லை.

இசையமைப்பாளர் சச்சின் தேவ் பர்மனைப் பற்றி ஒரு செய்தி சொல்வதுண்டு. கொமில்லாவில் பிறந்த அவர் ஈஸ்ட் பெங்காலின் தீவிர அபிமானி. 1975-ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று கேடய இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 5-0 என்று தோற்கடித்தபோது அவர் பம்பாயில் பிரக்ஞையற்றுக் கிடந்தார். அந்தக் கணக்கை மகன் ராகுல் தேவ் பர்மன் தந்தையின் காதருகே உரக்கச் சொன்னபோது, எந்தக் குரலுக்கும் அசையாதிருந்தவர் ஒரு தடவை கண்களைத் திறந்தார் என்கிறார்கள். ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 31 அன்று, அவர் காலமானார். சாகக் கிடக்கும் தந்தையிடம் எதைச் சொன்னால் கேட்கும் என்பது அந்த மகனுக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் வீட்டு விசேஷம் வேறு. மாஷிமாவின் மருமகள் பாக்பஜார் கோட்டிக் குடும்பத்துப் பெண். மூன்று தலைமுறை மோகன் பகான். பிறந்த வீட்டிலிருந்து பச்சையும் அரக்குமான கொடியைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாள். அதைக் கூடத்தில் மாட்டும் உரிமையை மட்டும் மாமியார் கொடுக்கவில்லை. 1997 ஜூலை 13 அன்று, ஃபெடரேஷன் கோப்பையின் அரையிறுதியில், சால்ட் லேக் மைதானத்தில் இரண்டு கழகங்களும் மோதியபோது வீட்டுக்காரர் என்னையும் அழைத்துக்கொண்டு போனார். அன்று கூடியவர்கள் 1,31,781 பேர். ஈஸ்ட் பெங்கால் ஆட்டக்காரர் பூட்டியா மூன்று கோல் போட்டார்; அவர் அணி 4-1 என்று வென்றது. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ் மீனும் மோகன் பகான் ஜெயித்தால் இறாலும் சமைப்பது அந்த நகரத்து வழக்கமாகையால், லேக் மார்க்கெட்டில் இரவு வரையில் மீன்கடைகளில் விளக்கு எரிந்தது. வியாபாரி கேட்ட விலையை மறுபேச்சில்லாமல் கொடுத்து வீட்டுக்காரர் வெள்ளியாய் மின்னும் இலிஷ் ஒன்றை வாங்கினார். மாஷிமா மீனை வாங்கி எடை பார்த்துவிட்டு, “இறால் எங்கே, கோகா?” என்றார். மகன் விழித்தான். “பௌமாவின் அப்பா இன்றைக்குச் சோற்றில் கை வைத்திருக்க மாட்டார். இவளாவது சாப்பிட வேண்டாமா? ஓடு” என்றார். அன்றிரவு அடுப்பில் ஒரு பக்கம் அரைத்த கடுகில் புரட்டி வாழையிலையில் பொதிந்த இலிஷும், மறுபக்கம் தேங்காய்ப்பாலில் இறாலும் வெந்தன. மருமகள் அழுதுகொண்டேதான் சாப்பிட்டாள். தேறுதல் சொல்ல யாரும் முற்படவில்லை, தோல்வியின் துக்கம் இன்னதென்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

இந்த அபிமானம் குருதியும் சிந்தியிருக்கிறது. 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸில் இவ்விரு கழகங்களின் ஆட்டத்தில் மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 பேர் மாண்டார்கள். அந்த நாள் வரும்போதெல்லாம் மாஷிமா வீட்டில் அகல் ஒன்று ஏற்றுவார்கள். இறந்தவர்கள் எந்தப் பக்கத்தவர்கள் என்று அங்கே பேசக் கேட்டதில்லை.

மாஷிமா இப்போது இல்லை. அவருடைய பேத்தி, அதாவது இரண்டு கொடிகளுக்கும் பிறந்த பெண், பாட்டியின் கழகத்தைத் தேர்ந்தெடுத்தாள்; தாய்வழித் தாத்தா அதற்காக அவளோடு சில மாதங்கள் பேசாதிருந்தார். 2024 ஆகஸ்டில், ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர் கொடூரமாகக் கொல்லப்பட்டதற்கு நீதி கேட்டு நகரமே கொதித்தபோது, 18-ஆம் தேதி நடக்கவிருந்த டுராண்ட் கோப்பை ஆட்டத்தைப் பாதுகாப்பைக் காரணம் காட்டி ரத்து செய்தார்கள். இரு கழகத்து அபிமானிகளும் அன்று சால்ட் லேக் மைதானத்துக்கு வெளியே ஒன்றாகத் திரண்டார்கள். மூன்றாவது பெரிய கழகமாகிய முகமதன் ஸ்போர்ட்டிங்கின் அபிமானிகளும் சேர்ந்துகொண்டார்கள். போலீஸ் தடியடி நடத்தியும், பகைவர்களாகவே வளர்ந்தவர்கள் ஒருவரையொருவர் தோளில் தூக்கிக்கொண்டு நின்றார்கள். எங்கள் வீட்டுப் பெண் சிவப்பு மஞ்சள் சட்டையில் போயிருந்தாள்; அவள் தாய், மாமியார் இருந்தவரையில் பெட்டியை விட்டு வெளியே வராத பச்சை அரக்குக் கொடியை எடுத்துக்கொண்டு கூடவே போயிருந்தாள். திரும்பி வந்ததும் வீட்டுக்காரர் அந்தக் கொடியைக் காளி படத்தின் மற்றொரு பக்கத்தில் மாட்ட ஆணி அடித்ததாக எனக்கு எழுதினார்.

இந்தப் பூஜைக்குக் கட்டாயம் வரவேண்டும் என்று அழைப்பு வந்திருக்கிறது. இரண்டு கழகங்களும் மோதும் வாரமாகப் பார்த்துத் தேதி எழுதுங்கள், டிக்கெட் அதற்கேற்றபடி எடுக்கிறேன் என்று நேற்றே பதில் போட்டுவிட்டேன்.