நாணலுக்கும் ஒரு கரை விடுவோம்

கரும்புத் தோட்டத்தில் நாணல் தலைகாட்டினால் விவசாயிக்குக் கோபம் வருவது நியாயம்தான். எவ்வளவு பிடுங்கினாலும் மண்ணுக்குள் ஓடும் தண்டில் ஒரு துண்டு மிஞ்சினால் போதும், அடுத்த மழைக்கு மறுபடி முளைத்துவிடும். ஆனால் பக்கத்தில் நிற்கும் கரும்பின் உடம்பிலும் நாணல் இருக்கிறது. நூறாண்டுக்கு முன் நம் கோயம்புத்தூரில் நடந்த சங்கதி இது.

நியூகினித் தீவுப் பக்கம் தோன்றிய தடித்த கரும்பில் சாறு உண்டு. பஞ்சாபின் குளிரையும் வறட்சியையும் தாங்கும் வலு இல்லை. வட இந்தியாவில் தாக்குப்பிடித்த நாட்டுக் கரும்போ குச்சிபோல மெலிந்தது. 1912இல் கோவையில் தொடங்கிய கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் சார்லஸ் பார்பரும் டி.எஸ். வெங்கடராமனும் தடித்த கரும்பை, அந்த வட்டாரத்தில் தானாக வளர்ந்து கிடந்த நாணலோடு கலந்தார்கள். பிறந்தது கோ 205. 1918இல் அது பஞ்சாப் வயல்களுக்குப் போனது. ஜாவாவில் செரே நோய் கரும்பைச் சூறையாடியபோதும் நாணல் கலந்த ரகங்கள்தாம் கைகொடுத்தன. இன்று உலகில் பயிராகும் கரும்பில் பெரும்பகுதி இந்த உறவில் வந்ததே.

நாணல் ஆப்பிரிக்காவிலிருந்து பசிபிக் தீவுகள் வரை பரவியிருக்கிறது. இமயமலை அடிவாரத்தில் குளிரைத் தாங்குகிறது, வறண்ட நிலத்தில் ஆழ வேர்விட்டுப் பிழைக்கிறது, கடலோரத்தில் உப்பைச் சகிக்கிறது. இடத்துக்கு இடம் அதன் குரோமோசோம் எண்ணிக்கையே 40 முதல் 128 வரை மாறுகிறது. கோவை நாணலில் 64. 1930களில் இ.கே. ஜானகி அம்மாள் கோவையில் அமர்ந்து ஆராய்ந்ததும் இந்தப் புல்லைத்தான். ஆகவே ஓர் ஆற்றங்கரை நாணல் அழிந்தால், வேறோர் ஊரிலிருந்து பிடுங்கி வந்து நட்டு ஈடுகட்டிவிட முடியாது.

கண்ணூரிலும் கோவையிலும் கரும்பினங்களைச் சேகரித்து வளர்க்கிறார்களே என்று கேட்கலாம். அந்தப் பணி போற்றத்தக்கது. ஆனால் பாத்தியில் நீர்விட்டுப் பேணும் செடி, சேகரித்த நாளில் இருந்த குணத்தோடுதான் இருக்கும். கரையில் நிற்பது ஆண்டுதோறும் வெள்ளத்தையும் கோடையையும் சந்தித்து விதைபோட்டு மாறிக்கொண்டே வருகிறது. நாளைய வெயிலுக்கு வேண்டிய குணம் அங்கேதான் உருவாகும். உத்தரப் பிரதேசத்தில் பெரும்பரப்பைப் பிடித்திருந்த கோ 0238 ரகம் செவ்வழுகல் நோயில் தள்ளாடியதைப் பார்த்துவிட்டோம். ஒரே ரகத்தை நம்பியிருப்பவர்களுக்கு மாற்று ஏற்பாடு வேண்டாமா?

வயலில் நாணலை வளர்க்கச் சொல்லவில்லை. பனாமாவில் அது கட்டுக்கடங்காமல் பரவிக் காடு மீள்வதையே தடுத்தது. வயலுக்குள் அது களை, களைந்தே ஆக வேண்டும். ஆனால் கரையில் நிற்பதைக் கொளுத்தாமல் விடலாம். கரையைப் பலப்படுத்தும் நீர்வளத் துறை முழுவதையும் கான்கிரீட்டால் மூடாமல் சில பகுதிகளை விட்டுவைக்கலாம். மண்ணைப் பிடித்து வைப்பதில் நாணலின் வேரும் சளைத்ததல்ல. இந்தப் புல்லால் அதிகம் பலன் பெற்றவை சர்க்கரை ஆலைகள். அவற்றின் கரும்பு அலுவலர்கள் ஊர் ஊராகப் போகிறார்கள். நாணல் நிற்கும் இடங்களையும் குறித்து வருவது பெரிய செலவல்ல. அருகிலுள்ள கல்லூரித் தாவரவியல் துறை துணை நிற்கலாம்.

இதற்குப் புதுச் சட்டமும் வேண்டாம். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதப்பட வேண்டும். மூலிகைகளும் கோயில் மரங்களும் இடம்பெறும் அந்தப் பதிவேட்டில் ஆற்றங்கரைப் புல்லுக்கும் ஒரு வரி கேட்போம். அடுத்த கிராமசபைக்குப் போகும்போது, உங்கள் ஊர்ப் பதிவேட்டில் நாணல் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அங்கேயே தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.