பெரிய விமானத்துக்கு எந்த இன்ஜின்?

ரேடியோவால் இயக்கும் மாதிரி விமானம் என்றால் நம்மில் பலருக்கும் அது பொம்மை என்ற எண்ணமே இன்னும் இருக்கிறது. இறக்கை ஏழடிக்கு மேல், எடை எட்டு ஒன்பது கிலோ, மூக்கில் இரண்டடிப் புரொப்பல்லர், அதைச் சுழற்றப் பெட்ரோல் இன்ஜின் என்று வந்த பிறகு அதைப் பொம்மை என்று அழைப்பது பொருந்தாது. பொறியியல் படிக்கும் பிள்ளை இல்லாத வீடு வலியசாலையில் குறைவு. அவர்களில் சிலருக்கு இந்த ஆசை பிடித்திருக்கிறது. நடிகர் அஜித்குமாரை ஆலோசகராகக் கொண்ட சென்னை எம்.ஐ.டி. வளாகத்து 'தக்ஷா' மாணவர் குழு, 2018-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆசையைத் தடுக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பிய ஊர் இது. இங்கே பிள்ளைகளுக்கு இந்த ஆசை வராவிட்டால்தான் வியப்பு. பணம் கொடுக்கும் பெரியவர்கள், எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

எங்கள் தெருத் தம்பி ஒருவன் வந்து, "மாமா, 120 சிசி, ரெட்டை சிலிண்டர் வாங்கப் போறேன். துபாய் சித்தப்பா பணம் தர்றேன்னுட்டார்" என்றான். விமானத்தின் எடை என்ன என்று கேட்டேன். விமானத்தை இனிமேல்தான் முடிவு செய்ய வேண்டுமாம். குதிரைத்திறன் எத்தனை என்பது மட்டும் மனப்பாடமாக இருந்தது. மாப்பிள்ளையைப் பார்க்காமல் மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவது போன்ற காரியம் இது.

டீசல் லோகோ ஷெட்டில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். நாங்கள் பராமரித்த டபிள்யூ.டி.எம்.2 இன்ஜினுக்கு 16 சிலிண்டர், 2600 குதிரைத்திறன். அவ்வளவு இருந்தும் மழை நாளில் தண்டவாளத்தில் பிடிப்பு இல்லையென்றால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும், வண்டி நகராது. விமானத்தில் அந்தப் பிடிப்பு புரொப்பல்லரிடம் இருக்கிறது. ஆகவே முதலில் விமானம், அடுத்தது அதற்கேற்ற புரொப்பல்லர், கடைசியில் அதைச் சுழற்றும் இன்ஜின் என்பதே முறை.

வான்சாகச விமானத்துக்குக் கணக்கு எளிது. புரொப்பல்லர் இழுக்கும் விசை விமானத்தின் எடையைவிட ஒன்றரை மடங்கு அளவில் இருந்தால், மூக்கை வானுக்கு நிமிர்த்தி அந்தரத்தில் நிறுத்தலாம். அங்கிருந்து மேலேயும் ஏறலாம். 2.2 மீட்டர் இறக்கையும் எட்டு, எட்டரை கிலோ எடையும் உள்ள விமானத்துக்கு 50 முதல் 60 சிசி வரையுள்ள ஒற்றை சிலிண்டரே போதும். 22 அல்லது 23 அங்குலப் புரொப்பல்லரை அது சுழற்றும். ஏறக்குறைய 12 கிலோ இழுக்கும். 100 சிசிக்கு மேல் போனால் இறக்கை 2.6 மீட்டரைத் தாண்டும். விமானத்தைக் கொண்டுபோக வேனும் தூக்க இன்னொரு ஆளும் வேண்டும். எதிரெதிரே அமைந்த இரட்டை சிலிண்டரில் அதிர்வு குறைவு என்பது உண்மை. ஒற்றை சிலிண்டர் உதறும். இன்ஜினைத் தாங்கும் பலகையும் போல்ட்டுகளும் உறுதியாக இருக்க வேண்டும். அதற்காக முதல் பெட்ரோல் விமானத்திலேயே இரட்டை சிலிண்டருக்குப் போக வேண்டியதில்லை.

எந்தக் கம்பெனி என்று கேட்பார்கள். அமெரிக்காவின் டெசர்ட் ஏர்கிராஃப்ட், ஜெர்மனியின் 3டபிள்யூ, ஜப்பானின் ஓ.எஸ்., சீனாவின் டி.எல்.இ. என்று பல உண்டு. அமெரிக்க, ஜெர்மன் இன்ஜின்கள் விலை கூடியவை, நேர்த்தியானவை. சீன இன்ஜின் விலை குறைவு. 55 சிசியில் நிறையப் பேர் பயன்படுத்துகிறார்கள். ஜப்பானின் செனோவா 62 சிசி, மரம் அறுக்கும் இயந்திரங்களைச் செய்த கம்பெனியின் சரக்கு. தீப்பொறிக்கு மேக்னெட்டோ உள்ளதால் தனி பாட்டரி வேண்டாம். ஆனால் கனம் அதிகம், சாகசத்துக்கு அது பாரம்.

கம்பெனியைவிட நான் முக்கியமாகப் பார்ப்பது கார்புரேட்டரை. இந்த இன்ஜின்களில் பெரும்பாலும் வால்ப்ரோ வகைக் கார்புரேட்டர்தான் இருக்கும். ஸ்கூட்டரில் உள்ளது போல மிதவை கிடையாது. கிராங்க் அறையின் அழுத்தம் கூடிக் குறைவதைக் கொண்டு ஒரு மெல்லிய சவ்வு பெட்ரோலை உறிஞ்சிக் கொடுக்கும். விமானம் தலைகீழாகப் பறந்தாலும் இன்ஜின் அணையாமல் இருப்பதன் ரகசியம் இதுதான். இதே கார்புரேட்டரைத்தான் நெடுமங்காடு பக்கத்து ரப்பர் தோட்டங்களில் மரம் அறுக்கும் செயின்சாவிலும் மாட்டியிருக்கிறார்கள். சவ்வு போனால் என்ன செய்வது, ஊசியை எவ்வளவு திறப்பது என்பது அந்த மெக்கானிக்குக் கைப்பழக்கம். விமானக் கடைக்காரரை நம்பிப் பார்சலுக்குக் காத்திருப்பதைவிட, பேருந்து ஏறிப் போய்ப் பார்க்கக்கூடிய மெக்கானிக் மேல். நம் ஊரில் கழற்றி மாட்ட முடியாத இன்ஜின் எவ்வளவு உயர்ந்ததானாலும் எனக்கு வேண்டாம்.

இப்போது பெட்ரோல் விஷயம். பங்குகளில் இன்று கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். சவ்வையும் ரப்பர் குழாயையும் கெடுக்கும். நம் இடவப்பாதி மழையில் ஈரத்துக்குப் பஞ்சமா? பறந்து முடிந்த அன்றே டாங்கை வடித்து, கார்புரேட்டரில் மிச்சம் இருப்பது தீரும்வரை இன்ஜினை ஓடவிட்டு அணைக்க வேண்டும். கலந்த பெட்ரோலை வாரக்கணக்கில் வைக்கக் கூடாது. டூ-ஸ்ட்ரோக் ஆயிலைத் தயாரிப்பாளர் சொன்ன அளவில் கலக்க வேண்டும். புது இன்ஜினுக்கு லிட்டருக்கு முப்பது மில்லிக்கு மேல் வரும். இத்தனை இருந்தும், சிறிய இன்ஜின்களுக்கு ஊற்றும் மெத்தனால் எரிபொருளோடு ஒப்பிட்டால் பெட்ரோல் எவ்வளவோ மலிவு, வாங்குவதும் சுலபம்.

சித்தப்பாமாருக்கும் ஒரு வார்த்தை. 2022 பிப்ரவரியில் மத்திய அரசு ஆளில்லா விமானங்களை முழுதாக இறக்குமதி செய்வதைத் தடை செய்தது; தனித்தனிப் பாகங்களுக்குத் தடையில்லை. வரும்போது பெட்டியில் கொண்டுவருவதானால் புத்தம் புது இன்ஜினாக இருக்கட்டும். ஒருமுறை ஓடி, பெட்ரோல் வாசனை ஏறிய இன்ஜினை விமான நிலையத்தில் ஏற்க மறுக்கலாம்.

வீட்டுப் பெண்கள் என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: கை போய்விடுமா? நியாயமான கேள்வி. 23 அங்குலப் புரொப்பல்லர் நிமிடத்துக்கு 7000 சுற்று சுற்றும்போது அதன் நுனி மணிக்குச் சுமார் 770 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. எனவே தீப்பொறியைத் துண்டிக்கும் சுவிட்ச் விமானத்தின் மேல் ஒன்றும், கையிலுள்ள ரேடியோவில் ஒன்றும் கட்டாயம் வேண்டும். வாலைக் கயிற்றால் தூணில் கட்டிய பிறகே இன்ஜினைக் கிளப்ப வேண்டும். கிளப்பும்போது ஒருவன் வாலைப் பிடித்துக்கொள்ள, வேறு யாரும் புரொப்பல்லருக்கு முன்னாலோ பக்கவாட்டிலோ நிற்கக் கூடாது. கையில் தடித்த தோல் உறை போட வேண்டும். இதற்கெல்லாம் பொறுமை இல்லாத பிள்ளைக்கு மின்சார மோட்டாரும் வேண்டாம். அதன் புரொப்பல்லரும் இதே வேகத்தில்தான் சுற்றும்.

கடைசியாக இடம். வலியசாலையிலிருந்து விமான நிலையம் சில கிலோமீட்டர்தான். 2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி 25 கிலோ வரையுள்ள மாதிரி விமானத்தைப் பொழுதுபோக்குக்காகக் கண்பார்வைக்குள் பறக்கவிட வகைச் சான்றிதழ் வேண்டியதில்லை. ஆனால் சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் எதையும் பறக்கவிடக் கூடாது. மொட்டை மாடியும் வேண்டாம், கோயில் மைதானமும் வேண்டாம். அரசின் வான்வெளி வரைபடத்தைப் பார்த்து, ஊருக்கு வெளியே திறந்த வெளி ஒன்றைத் தேடி, நிலத்துக்காரரிடம் கேட்டு வைத்த பிறகு இன்ஜினுக்குப் பணம் கட்டலாம். தம்பியிடம் நான் சொன்னதும் இதுதான். இப்போது அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் நிலம் தேடி அலைகிறான். 120 சிசி 55 ஆக இறங்கிவிட்டது. மிச்சப் பணத்தில் நல்ல ரேடியோவும் தரமான சர்வோக்களும் வாங்கப் போகிறானாம்.